‘தருவாயா?’ – ‘தருவேன்’: ஒரே வார்த்தையில் கட்டிப்போட்ட ரோமானியச் சட்டம்

கி.பி. 37, ஜூன் 18. இத்தாலியில் இன்றைய நேப்பிள்ஸ் நகருக்குப் பக்கத்தில் இருந்த புத்தேயோலி துறைமுகம். எகிப்திலிருந்து கோதுமைக் கப்பல்கள் வந்து இறங்கும் ஊர் அது. நோவியஸ் யூனஸ் என்ற தானிய வியாபாரி அன்று 10,000 செஸ்டர்ஸ் கடன் வாங்கினார். அந்தக் காலத்து ரோமானியச் சிப்பாயின் ஆண்டுச் சம்பளமே 900 செஸ்டர்ஸ்தான். அப்படிப் பார்த்தால் ஒரு சிப்பாய் 11 வருஷம் வாங்கும் சம்பளம்.

கடன் கொடுத்தவர் பெயர் எவேனஸ். பேரரசர் டைபீரியஸிடம் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். அவர் நேரில் வரவில்லை. அவருடைய அடிமையான ஹெசிகஸ்தான் வந்து பேசி முடித்தார். அடமானமாக 7,000 மோடியஸ் அலெக்சாண்ட்ரியா கோதுமையும், கொண்டைக்கடலை, பருப்பு வகையறா 200 மூட்டையும் வைக்கப்பட்டன. மோடியஸ் என்பது சுமார் 8.7 லிட்டர் கொள்ளும் படி. கோதுமை மட்டுமே ஏறக்குறைய 61,000 லிட்டர். எல்லாம் ஊர்ப் பொதுக் கிடங்கில் இருந்தது. கேட்கும்போது திருப்பித் தர வேண்டும் என்று பேச்சு.

இவ்வளவும் இருந்தும் ஒரு வேலை பாக்கி இருந்தது. ‘இந்த 10,000-ஐ நல்ல காசாக, ஒழுங்காகத் தருவதாக வாக்களிக்கிறாயா?’ என்று ஹெசிகஸ் கேட்க வேண்டும். ‘வாக்களிக்கிறேன்’ என்று யூனஸ் சொல்ல வேண்டும். லத்தீனில் கேள்வி ‘ஸ்பாந்தேஸ்?’, பதில் ‘ஸ்பாந்தேயோ’. அப்படியே நடந்தது, நடந்ததாக யூனஸ் மெழுகுப் பலகையில் தன் கையாலேயே எழுதியும் கொடுத்தார்.

அந்தப் பலகை இன்றும் இருக்கிறது. 1959-ல் பொம்பெய் நகருக்கு வெளியே நெடுஞ்சாலை போடத் தோண்டியபோது, கி.பி. 79-ல் வெசுவியஸ் எரிமலை மூடிய ஒரு கட்டடம் வெளிப்பட்டது. அதற்குள் ஒரு பிரம்புக் கூடை நிறைய மெழுகுப் பலகைகள். சுல்பீசியஸ் என்ற குடும்பப் பெயர் கொண்ட வட்டிக்கடைக்காரர்களின் கணக்கு வழக்குகள் அவை. யூனஸ் எழுதிய லத்தீனில் ஏகப்பட்ட எழுத்துப் பிழை. காதில் விழுந்தபடியே எழுதியிருக்கிறார். அதே பத்திரத்தின் வெளிப்பக்கப் பிரதியைத் தொழில்முறை எழுத்தர் பிழையில்லாமல் எழுதியிருக்கிறார். பேச்சு லத்தீன் எப்படி ஒலித்தது என்று ஆராய்கிறவர்களுக்கு யூனஸின் பிழைகள் புதையல் மாதிரி.

எழுதியிருக்கும்போது வாய்ச்சொல் எதற்கு?

ரோமானியச் சட்டத்தில் இந்தக் கேள்வி-பதில் முறைக்கு ‘ஸ்டிபுலாட்டியோ’ என்று பெயர். ஒருவர் கேட்பார், எதிரில் இருப்பவர் அதே வினைச்சொல்லில் பதில் சொல்வார். அவ்வளவுதான், ஒப்பந்தம் முடிந்தது. சாட்சி, கையெழுத்து, முத்திரை எதுவும் சட்டப்படி கட்டாயம் இல்லை. பலகையில் எழுதியது பின்னால் நிரூபிப்பதற்காக. அது ரசீது மாதிரி. ஆளைக் கட்டியது வாய்ச்சொல்.

இன்றைக்கு இது தலைகீழாகத் தோன்றலாம். ‘வாயால சொன்னதுக்கெல்லாம் என்ன மதிப்பு, எழுதிக் கொடு’ என்பதுதான் நம் காலத்துப் புத்தி. ரோமில் எழுதிய காகிதத்தைவிடச் சரியான சொல்லுக்கு மதிப்பு அதிகம். சொல் சரியாக இல்லாவிட்டால் மதிப்பே இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ‘பார்த்துக்கலாம், குடுத்துடறேன்’ என்று பொதுவாகப் பேசிக்கொண்டதை வைத்து வழக்குப் போட முடியாது. அப்படிப்பட்ட வெறும் உடன்பாட்டை அவர்கள் ‘நிர்வாண ஒப்பந்தம்’ என்றே அழைத்தார்கள். மேலே சட்டத்தின் உடுப்பு இல்லாதது என்று அர்த்தம்.

விற்பனை, வாடகை, கூட்டு வியாபாரம், ஒருவருக்காக இன்னொருவர் காரியம் பார்ப்பது ஆகிய நான்குக்கு மட்டும் பின்னாளில் விலக்கு கிடைத்தது. அவற்றில் இருவர் மனம் ஒத்தாலே போதும். கடன் விஷயத்தில் பணத்தை எண்ணிக் கொடுத்ததுமே அசலுக்குப் பொறுப்பு வந்துவிடும். ஆனால் வட்டி வேண்டுமா? தாமதமானால் அபராதம் வேண்டுமா? இவற்றையெல்லாம் கேட்டு, ‘தருவேன்’ என்று சொல்ல வைத்திருக்க வேண்டும். விற்கிறவரின் உத்தரவாதம், வரதட்சணை வாக்கு, ஜாமீன் என்று எதை வேண்டுமானாலும் இந்தக் கேள்விக்குள் போடலாம். ஒரே அச்சு, அதில் எந்த மாவையும் வார்க்கலாம். ரோமானிய வணிகம் இதை இவ்வளவு விரும்பியதற்கு அதுதான் காரணம்.

இதன் வயசும் அதிகம். கி.மு. 451-450-ல் தொகுக்கப்பட்ட ரோமின் முதல் சட்டத் தொகுப்பான பன்னிரண்டு பலகைகளிலேயே, இந்த வாக்கிலிருந்து பிறந்த கடனுக்கு எப்படி வழக்குத் தொடுப்பது என்று வழி சொல்லப்பட்டிருந்தது. ‘ஸ்பாந்தேயோ’ என்ற சொல் தெய்வத்தின் முன் மது ஊற்றிச் சத்தியம் செய்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லோடு உறவுடையது என்பது மொழியியலாளர்கள் கருத்து. சாமி முன்னால் செய்த சத்தியம் காலப்போக்கில் நீதிமன்றச் சொல்லாகிவிட்டது.

தலையாட்டினால் செல்லாது

விதிகளைப் படித்தால் சில இடங்களில் சிரிப்பு வரும். இவற்றில் பலவும் கேயஸ் என்ற சட்ட ஆசிரியர் கி.பி. 2-ம் நூற்றாண்டில் எழுதிய பாடநூலிலிருந்து தெரிய வருபவை. அந்த நூல் பல நூற்றாண்டுகள் காணாமல் போயிருந்தது. 1816-ல் இத்தாலியின் வெரோனா நகரத்து நூலகத்தில் நீபுர் என்ற ஜெர்மானிய அறிஞர், புனித ஜெரோமின் கடிதங்கள் எழுதப்பட்டிருந்த தோல் ஏட்டின் அடியில் சுரண்டப்பட்ட பழைய எழுத்து தெரிவதைக் கண்டார். அதுதான் கேயஸின் நூல்.

கேயஸ் சொல்வது இது. ‘பத்து தருவாயா?’ என்று கேட்டு ‘ஐந்து தருவேன்’ என்று பதில் வந்தால் ஒப்பந்தமே இல்லை. நிபந்தனை போடாமல் கேட்டதற்கு ‘இன்னது நடந்தால் தருகிறேன்’ என்றாலும் இல்லை. குதிரை உடம்பும் மனிதத் தலையும் கொண்ட கற்பனைப் பிராணியைத் தருவதாகச் சொன்னால் செல்லாது. ‘நான் விரலால் வானத்தைத் தொட்டால் தருவாயா?’ என்று கேட்டு வாங்கிய வாக்கும் செல்லாது.

சாவைப் பற்றிய விதி இன்னும் விசேஷம். ‘நான் செத்த பிறகு தருவாயா?’ என்று கேட்டால் செல்லாது. உரிமை வாரிசிடம் போய்த்தான் முதன்முதலாகப் பிறக்கும், அது ஆகாது. ‘நான் சாகும்போது தருவாயா?’ என்றால் செல்லும். உயிரின் கடைசி நொடியில் உரிமை பிறந்துவிடுகிறது. ‘நான் சாவதற்கு முதல் நாள்?’ செல்லாது. முதல் நாள் எது என்பது செத்த பிறகுதானே தெரியும்! இப்படி யோசித்தவர்கள் வேலையில்லாதவர்கள் அல்ல. சொத்தும் கடனும் இந்தச் சொற்களில் தொங்கின.

பிற்காலத்தில் பேரரசர் ஜஸ்டினியன் தொகுத்த சட்டத் திரட்டில் இன்னும் சில இருக்கின்றன. ‘தருவாயா?’ என்று கேட்டதற்கு ‘ஏன் தரமாட்டேன்?’ என்று பதில் வந்தால் செல்லும் என்கிறார் உல்பியன் என்ற சட்ட அறிஞர். வாய் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டினால் செல்லாது. ஆமாம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் இடையில் எல்லாத் திசையிலும் தலையாட்டத் தெரிந்த நமக்கு இந்த விதியின் அருமை சட்டென்று புரியும். கேட்டவர் பதில் வருமுன் எழுந்து போய்விட்டால் கேள்வி வீண். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் இயல்பாக ஒரு கணம் இடைவெளி விழலாம். ஆனால் அதற்குள் வேறு வேலையில் இறங்கிவிட்டால், அதே நாளில் திரும்பி வந்து பதில் சொன்னாலும் பயனில்லை என்கிறார் வெனுலேயஸ் என்ற இன்னொருவர்.

இது பிடிவாதமாகத் தோன்றினாலும் அதற்குள் ஒரு நியாயம் இருக்கிறது. பேச்சுவாக்கில் சொன்னது எது, பொறுப்போடு சொன்னது எது என்று பிரிக்க ஒரு கோடு வேண்டும். ‘ஸ்பாந்தேஸ்?’ என்ற சொல் காதில் விழுந்ததுமே எதிரில் இருப்பவருக்கு, இனிமேல் விளையாட்டு இல்லை என்று தெரிந்துவிடும். கி.மு. 200-ஐ ஒட்டிய காலத்தில் நாடகம் எழுதிய பிளாட்டஸ் தன் நகைச்சுவை நாடகங்களில் இந்தக் கேள்வி-பதிலை மேடையில் வைத்திருக்கிறார். சட்டம் படிக்காத கூட்டமும் அது என்னவென்று புரிந்து சிரித்திருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் காசு செலவில்லாமல் செய்யக்கூடிய ஒப்பந்தம் என்பதும் சின்ன விஷயம் இல்லை.

யாருடைய வாய் செல்லும்?

சொல்தான் எல்லாம் என்றால், சொல்ல முடியாதவர் நிலை என்ன? வாய் பேச முடியாதவர் இந்த ஒப்பந்தத்தில் சேர முடியாது. காது கேளாதவரும் முடியாது. கேட்பவர் பதிலைக் கேட்க வேண்டும், சொல்பவர் கேள்வியைக் கேட்க வேண்டும் என்பது சட்டம் சொன்ன காரணம். காப்பாளரின் கீழ் இருந்த பெண், அவருடைய ஒப்புதல் இல்லாமல் வாக்குக் கொடுத்துத் தன்னைக் கடனாளியாக்கிக்கொள்ள முடியாது.

‘ஸ்பாந்தேயோ’ என்ற அந்தக் குறிப்பிட்ட சொல்லோ ரோமானியக் குடிமக்களுக்கு மட்டுமே. மற்றவர்கள் வேறு சொற்களைப் பயன்படுத்த வேண்டும்: ‘தருவாயா? தருவேன்’, ‘நம்பிக்கையின் பேரில் உறுதி தருகிறாயா? தருகிறேன்’ என்பவை போல. இவை எல்லா நாட்டாருக்கும் பொது. கிரேக்க மொழியில் சொன்னாலும் செல்லும். குடிமகன் அல்லாதவர் ‘ஸ்பாந்தேயோ’ சொல்லலாம் என்று சிலர் காட்டிய ஒரே விலக்கு, ரோமானியப் பேரரசர் அந்நிய மன்னரிடம் ‘சமாதானமாக இருப்பதாக வாக்களிக்கிறாயா?’ என்று கேட்கும் தருணம். அதையும் கேயஸ் ஒப்புக்கொள்ளவில்லை. அது ரொம்ப நுணுக்கம் பார்ப்பது; மன்னர் வாக்கை மீறினால் யாரும் வழக்குப் போடப் போவதில்லை, படை எடுத்துத்தான் போவார்கள் என்பது அவர் வாதம்.

அடிமை விஷயம் இன்னும் வினோதம். அடிமை கேள்வி கேட்கலாம். கிடைக்கும் உரிமை எஜமானரைச் சேரும். ஹெசிகஸ் கேட்டதும் அப்படித்தான். ஆனால் அடிமை ‘தருவேன்’ என்று சொன்னால் அது சட்டப்படி அவரைக் கட்டாது. வாங்கும் இடத்தில் எஜமானருக்காக வாய் இருந்தது, தனக்காக இல்லை.

ருமேனியாவின் மலைப்பகுதியில் இன்றைய ரோஷியா மொன்டானாவில், ரோமானியர்கள் தங்கம் தோண்டிய சுரங்கங்களுக்குள் வேறு சில மெழுகுப் பலகைகள் கிடைத்தன. அவற்றில் ஒன்றின் தேதி கி.பி. 139, மார்ச் 17. மாக்சிமஸ் என்பவர் டாசியஸ் என்பவரிடமிருந்து பாசியா என்ற சிறுமியை 205 டினாரியஸ் கொடுத்து வாங்குகிறார். சிறுமிக்கு ஏறக்குறைய ஆறு வயது. உடல் நலமாக இருக்கிறாள், திருட்டுக் குற்றம் எதுவும் இல்லை, ஓடிப்போகிறவள் இல்லை என்று உத்தரவாதம் எழுதியிருக்கிறது. வேறு யாராவது வந்து இவள் என்னுடையவள் என்று உரிமை நாட்டி எடுத்துப்போனால், கொடுத்த விலையும் அதே அளவு இன்னொரு மடங்கும் தர வேண்டும். இதை மாக்சிமஸ் கேட்டார், டாசியஸ் உறுதி சொன்னார். இவர்கள் பயன்படுத்தியது குடிமக்களுக்கான ‘ஸ்பாந்தேயோ’ அல்ல. நம்பிக்கையின் பேரில் உறுதி தரும் மற்றச் சொல்.

சட்ட வரலாற்றுப் பாடநூல்களில் இந்தப் பலகை ‘விற்பனையாளரின் உத்தரவாதத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு’ என்று இடம்பெறும். அது உண்மைதான். ஆறு வயதுக் குழந்தையின் மேல் இரண்டு பெரியவர்கள் நம்பிக்கை என்ற சொல்லைச் சொல்லிப் பேரம் முடித்திருக்கிறார்கள் என்பதும் உண்மைதான்.

‘ஸ்பான்சர்’ என்றால் யார்?

ஐபிஎல் ஜெர்சியில் பார்க்கும் ‘ஸ்பான்சர்’ இந்தச் சொல்லிலிருந்து வந்தவர்தான். ரோமில் ஸ்பான்சர் என்றால் ஜாமீன்தாரர். கடன்காரர் ‘ஸ்பாந்தேயோ’ என்றதும், பக்கத்தில் நிற்கும் நண்பரைப் பார்த்து ‘அதையே தருவதாக நீயும் வாக்களிக்கிறாயா?’ என்று கேட்பார்கள். அவரும் ‘ஸ்பாந்தேயோ’ என்றால் மாட்டிக்கொண்டார்.

நண்பனுக்காகச் சொன்ன ஒரு சொல் குடும்பத்தை அழித்துவிடும் என்பது ரோமானியர்களுக்கும் தெரிந்திருந்தது. அதனால் ஜாமீன்தாரரைக் காப்பாற்ற வரிசையாகச் சட்டங்கள் வந்தன. ஸ்பான்சர் இறந்துவிட்டால் அவருடைய வாரிசு பொறுப்பில்லை. ஃபூரியஸ் சட்டம் என்ற ஒன்றின்படி இத்தாலியில் இரண்டு வருஷத்தோடு அவர் பொறுப்பு முடிந்துவிடும்; பல ஸ்பான்சர்கள் இருந்தால், கடன் கேட்கப்படும் நேரத்தில் இருப்பவர்களுக்குள் தொகையைப் பங்கிட வேண்டும். கொர்னீலியஸ் சட்டம் என்ற இன்னொன்று, ஒரே ஆளுக்காக ஒரே கடன்காரரிடம் ஒரே வருஷத்தில் 20,000 செஸ்டர்ஸுக்கு மேல் ஜாமீன் நிற்கக் கூடாது என்று உச்சவரம்பு வைத்தது.

கடன் கொடுக்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? காலக்கெடு இல்லாத, வாரிசையும் கட்டிப்போடும் புதுவகை ஜாமீன் ஒன்று புழக்கத்துக்கு வந்தது. அதற்குக் கேள்வியில் வேறு வினைச்சொல். ஒரு சொல்லை மாற்றிக் கேட்டதில் இரண்டு வருஷப் பாதுகாப்பு காணாமல் போனது. லோன் படிவத்தில் ‘உத்தரவாதம் அளிப்பவர்’ என்ற இடத்தில் கையெழுத்துப் போடும் முன் பத்தியைப் படிக்கச் சொல்வது ஏன் என்பதற்கு இதைவிடப் பழைய உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

ஏமாற்றி வாங்கிய சொல்லும் செல்லுமா?

இந்த முறையின் பெரிய ஓட்டை இதுதான். நீதிபதி பார்க்க வேண்டியது ஒன்றே: கேள்வி கேட்கப்பட்டதா, சரியான பதில் வந்ததா? ஏன் சொன்னார், ஏமாந்து சொன்னாரா என்பது பழைய சட்டத்தில் கேள்வியே இல்லை. கடன் தருகிறேன் என்று சொல்லி ‘திருப்பித் தருவாயா?’ என்று முதலில் கேட்டு வாக்கு வாங்கிக்கொண்டு, பணத்தைக் கொடுக்காமலே இருந்தால்? கொடுக்காத பணத்துக்கு வழக்கு! கேயஸே இந்த உதாரணத்தைச் சொல்கிறார். பழைய சட்டப்படி வாக்குக் கொடுத்தவர் கட்டுப்பட்டவர்தான். அது அநியாயம் என்பதால் வஞ்சகத்தைக் காரணம் காட்டித் தப்பிக்கப் பின்னாளில் வழி செய்யப்பட்டது.

அந்த வழி வருவதற்கு முன் என்ன நடந்தது என்பதற்கு சிசரோ ஒரு கதை சொல்கிறார். கானியஸ் என்ற ரோமானியப் பணக்காரர் சிசிலித் தீவின் சிரக்கூஸ் நகருக்குப் போகிறார். ஓய்வெடுக்கக் கடலோரம் ஒரு தோட்டம் வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். பிதியஸ் என்ற வங்கிக்காரர் காதில் இது விழுகிறது. ‘என் தோட்டம் விற்பனைக்கு இல்லை, ஆனாலும் சாப்பிட வாங்க’ என்று அழைக்கிறார். இதற்கிடையில் மீனவர்களைக் கூப்பிட்டு, நாளைக்கு எல்லாரும் என் தோட்டத்துக்கு முன்னால் வந்து மீன் பிடியுங்கள் என்று ஏற்பாடு செய்கிறார்.

மறுநாள் கானியஸ் வந்தால் கண்ணுக்கு எட்டிய தூரம் படகு. பிடித்த மீனைக் கொண்டுவந்து பிதியஸ் காலடியில் கொட்டுகிறார்கள். சிரக்கூஸில் மீன் என்றால் இந்த இடம்தான் என்கிறார் பிதியஸ். கானியஸுக்கு ஆசை தாங்கவில்லை. கெஞ்சிக் கேட்டு, சொன்ன விலைக்குச் சாமான்களோடு தோட்டத்தை வாங்கிவிடுகிறார். அடுத்த நாள் நண்பர்களை அழைத்து வந்து பார்த்தால் துடுப்பு ஒன்றுகூட இல்லை. மீனவர்களுக்கு இன்றைக்கு ஏதாவது விடுமுறையா என்று பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்கிறார். அப்படி ஒன்றும் இல்லையே, இங்கே யாரும் மீன் பிடிப்பதே கிடையாது, நேற்று என்னடா இவ்வளவு படகு என்று நானே ஆச்சரியப்பட்டேன் என்கிறார் அவர்.

கானியஸ் மாட்டிக்கொண்டது கேள்வி-பதிலில் அல்ல; தோட்டத்தின் விலையைக் கணக்கேட்டில் கடனாகப் பதிந்துகொண்டதில். ஆனால் அதுவும் இதே மாதிரி இறுகிய வடிவம். ஒருமுறை பதிந்துவிட்டால், ஏன் பதிந்தாய் என்று கேட்க ஆள் இல்லை. சிசரோவின் நண்பர் அக்வீலியஸ் காலஸ் வஞ்சகத்துக்கு எதிரான வழக்குப் படிவத்தை அப்போது உருவாக்கியிருக்கவில்லை என்று சிசரோவே சொல்கிறார். இந்தக் காலஸும் சிசரோவும் கி.மு. 66-ல் ஒன்றாக நீதி அதிகாரி பதவி வகித்தவர்கள். வஞ்சகம் என்றால் என்ன என்று கேட்டதற்கு, ஒன்றைக் காட்டி வேறொன்றைச் செய்வது என்று காலஸ் விளக்கம் சொன்னாராம்.

புத்திசாலிகள் நீதிமன்றத்துக்காகக் காத்திருக்கவில்லை. கேள்விக்குள்ளேயே ஒரு வரியைச் சேர்த்தார்கள்: ‘இதில் வஞ்சகம் இல்லை, இனியும் இருக்காது என்று உறுதி தருகிறாயா?’ அதற்கும் ‘தருகிறேன்’ என்று பதில் வந்துவிட்டால், நீதிபதி வஞ்சகத்தைப் பார்த்தே ஆக வேண்டும். வடிவத்தின் ஓட்டையை அதே வடிவத்தை வைத்து அடைத்த இந்த வேலை, ரோமானிய வழக்கறிஞர்கள் செய்த சாமர்த்தியமான காரியங்களில் ஒன்று.

யூனஸுக்கு அந்த அதிர்ஷ்டமெல்லாம் இல்லை. ஜூன் கடனுக்குப் பின் ஜூலை 2-ல் இன்னொரு 3,000 வாங்கினார். இரண்டு வருஷம் கழித்து, கி.பி. 39 செப்டம்பரில் எழுதிய பலகையில் பாக்கி 1,250 செஸ்டர்ஸ் என்று இருக்கிறது. அதற்குள் ஹெசிகஸ் பேரரசர் கலிகுலாவின் அடிமையாகிவிட்டார். அதாவது இப்போது எதிரில் கேள்வி கேட்பவருக்குப் பின்னால் பேரரசரே நிற்கிறார். நவம்பர் 1-க்குள் தருகிறேன் என்று ஜூபிட்டர் மேலும், தெய்வமாக்கப்பட்ட அகஸ்டஸ் மேலும், கலிகுலாவின் காவல் தெய்வத்தின் மேலும் யூனஸ் சத்தியம் செய்கிறார். தவறினால் பொய்ச் சத்தியக் குற்றம், கூடவே நாள் ஒன்றுக்கு 20 செஸ்டர்ஸ் அபராதம். 63 நாள் தாமதித்தால் அபராதம் அசலைத் தாண்டிவிடும். இதையும் ஹெசிகஸ் கேட்டார், யூனஸ் ‘ஸ்பாந்தேயோ’ என்றார்.

‘கேட்கப்பட்டேன், ஒப்புக்கொண்டேன்’

கி.பி. 212-ல் பேரரசர் கரகல்லா, பேரரசில் வாழ்ந்த சுதந்திர மக்கள் ஏறக்குறைய எல்லோருக்கும் ரோமானியக் குடியுரிமை கொடுத்தார். எகிப்தில் தலைமுறை தலைமுறையாகப் பத்திரம் எழுதி ஒப்பந்தம் போட்டுப் பழகியவர்கள் ஒரே நாளில் ரோமானியச் சட்டத்துக்குள் வந்துவிட்டார்கள். பத்திரம் செல்ல வேண்டுமானால் கேள்வி-பதில் வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

எழுத்தர்கள் சுலபமான வழி கண்டுபிடித்தார்கள். பாப்பிரஸ் பத்திரத்தின் கடைசியில் கிரேக்கத்தில் ஒரு வரி: ‘கேட்கப்பட்டேன், ஒப்புக்கொண்டேன்’. உண்மையில் யாரும் யாரையும் கேட்டார்களா என்பது வேறு விஷயம். இந்த வரி உயில்களிலும் வந்து ஒட்டிக்கொண்டது என்பதுதான் வேடிக்கை. உயில் எழுதுகிறவரிடம் எதிர்த்தரப்பு என்று ஒருவர் கிடையாது. யார் கேட்டு யாரிடம் ஒப்புக்கொண்டார்? ஆப் திறந்ததும் நாற்பது பக்க விதிமுறைகளைக் கீழே தள்ளிவிட்டு ‘ஐ அக்ரீ’ பட்டனைத் தட்டுகிறவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. இரண்டு பேர் முகத்துக்கு முகம் பார்த்துச் சொன்ன சொல், படிக்காமல் போடும் டிக் ஆக மாற ரோமானியர்களுக்கு ஏழெட்டு நூற்றாண்டுகள் பிடித்தன.

சட்டமும் மெல்ல வளைந்தது. ‘பத்து’ என்று கேட்டு ‘இருபது’ என்று பதில் வந்தால் பத்துக்காவது ஒப்பந்தம் உண்டு என்றார் உல்பியன். கேயஸுக்கும் அவருக்கும் நடுவில் ஐம்பது அறுபது வருஷம்தான். கேள்வி லத்தீனிலும் பதில் கிரேக்கத்திலும் இருக்கலாம். மொழிபெயர்ப்பாளர் வைத்துப் புரிந்துகொண்டால் கார்தேஜ் நகரத்தாரின் பியூனிக் மொழியில்கூடச் சொல்லலாமா என்று அவர் விவாதிக்கிறார். கி.பி. 472-ல் கான்ஸ்டான்டிநோபிளில் ஆண்ட பேரரசர் லியோ, குறிப்பிட்ட சொற்கள் தேவையில்லை, எந்தச் சொல்லில் ஒத்துக்கொண்டாலும் செல்லும் என்று சட்டம் போட்டார். ஆயிரம் வருஷத்துக்கு நெருக்கமாக ஆட்சி செய்த ‘ஸ்பாந்தேயோ’ அன்றோடு வேலையிழந்தது.

மிச்சமிருந்தது நேரில் இருக்க வேண்டும் என்ற விதி ஒன்றுதான். கடனைக் கொடுக்க மனமில்லாதவர்கள் ‘பத்திரத்தில் அப்படி எழுதியிருக்கலாம், நான் அன்றைக்கு ஊரிலேயே இல்லை’ என்று வாதாட ஆரம்பித்தார்கள். இதற்காகவே 531-ல் ஜஸ்டினியன் பாலஸ்தீனத்தின் செசரியா நகர வழக்கறிஞர்களுக்கு ஒரு பதில் அனுப்பினார். இருவரும் நேரில் இருந்ததாகப் பத்திரம் சொன்னால் அதை நம்ப வேண்டும். மறுக்கிறவர், தானோ எதிர்த்தரப்போ அந்த நாள் முழுக்க அந்த ஊரில் இல்லை என்று பளிச்சென்ற சாட்சியத்தோடு நிரூபிக்க வேண்டும். பெயருக்கு அது வாய்ச்சொல் ஒப்பந்தம்தான். நடைமுறையில் பத்திரம் ஜெயித்துவிட்டது.

அந்தச் சட்டம் இலங்கைக்கு வந்த கதை

சொல் வடிவம் போனாலும், வெறும் வாக்கு ஆளைக் கட்டுமா என்ற கேள்வி போகவில்லை. நிர்வாண ஒப்பந்தம் செல்லாது என்ற ரோமானிய விதியை இடைக்காலத் திருச்சபைச் சட்டம் ஏற்கவில்லை. கொடுத்த வாக்கை மீறுவது பாவம் என்றால், வாக்கு எந்த உடுப்பில் வந்தால் என்ன? 1234-ல் போப் ஒன்பதாம் கிரிகோரி வெளியிட்ட தொகுப்பில், எவ்வளவு வெறுமையான உடன்பாடானாலும் காக்கப்பட வேண்டும் என்ற கருத்து ஏறிவிட்டது. ஹாலந்து நாட்டுச் சட்ட அறிஞர்கள் அதை ரோமானியச் சட்டத்தோடு கலந்து குழைத்தார்கள்.

இங்கிலாந்து வேறு வழியில் போனது. ‘நீ தருகிறேன் என்றாய், சரி, பதிலுக்கு அவர் என்ன தந்தார்?’ என்று கேட்பது ஆங்கிலச் சட்டம். இந்தப் பதில்மாற்று இல்லாவிட்டால் பொதுவாக ஒப்பந்தம் இல்லை. 1872-ன் இந்திய ஒப்பந்தச் சட்டம் இந்த வழியில் வந்தது. இந்தியாவில் இன்றும் வாய்மொழி ஒப்பந்தம் செல்லும்; எழுத்தில் இருக்க வேண்டும் என்று தனிச் சட்டம் சொல்லும் விஷயங்கள் மட்டும் விலக்கு. சண்டை வந்தால் நிரூபிப்பதுதான் பாடு. ஆனால் அன்பின் பேரில் சும்மா தருகிறேன் என்று நெருங்கிய உறவினருக்குக் கொடுத்த வாக்கு செல்ல வேண்டுமானால், 25-ம் பிரிவின்படி எழுதிப் பதிவு செய்திருக்க வேண்டும்.

பாக் நீரிணையைத் தாண்டினால் கதை மாறுகிறது. டச்சுக்காரர்கள் இலங்கையின் கரையோரத்தை ஆண்டபோது தங்கள் ரோமன்-டச்சுச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். பிரிட்டிஷார் வந்ததும் 1799-ம் ஆண்டுப் பிரகடனத்தில் அதைத் தொடர விட்டார்கள். அதனால் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும், தனிச் சட்டம் எதுவும் கையாளாத ஒப்பந்த விஷயங்களில் ஆங்கிலேயரின் பதில்மாற்றைத் தேடத் தேவையில்லை. வாக்கு உண்மையான நோக்கத்தோடு, நியாயமான காரணத்துக்காகக் கொடுக்கப்பட்டதா என்று பார்ப்பார்கள். லண்டனில் இருந்த பிரிவி கவுன்சிலும் 1918-ல் இலங்கையிலிருந்து வந்த ஒரு மேல்முறையீட்டில் இந்த வேறுபாட்டை ஏற்றுக்கொண்டது.

காணி விற்பதற்கு மட்டும் வாய்ச்சொல் உதவாது. 1840-ம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி நொத்தாரிசு முன்னிலையில், சாட்சிகளோடு எழுதியாக வேண்டும். இலங்கைத் தமிழர் சர்வசாதாரணமாகச் சொல்லும் இந்த ‘நொத்தாரிசு’கூட டச்சு வழியாக வந்த லத்தீன்தான். ரோமில் அந்தச் சொல்லுக்கு, அடுத்தவர் பேசப் பேசச் சுருக்கெழுத்தில் எழுதிக்கொள்பவர் என்று அர்த்தம்.